ஓநாய்க்குப் பெண் பார்த்த கிடைக்காரர்கள்

இந்தக் கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. ஓநாய்க்குக் கல்யாணம் நடந்தது என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதைவிட மோசமான இடங்களில் பெண் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அட்டையில் ஓநாயைப் போட்டு, முந்நூறு பக்கத்துக்கு ஒருவர் நாவல் எழுதி, அதில் ஒரு ஆடுகூடச் சாகவில்லை என்றால் எப்படி நம்புவது? குறை கதையிலா, எனக்கு எதையும் நம்பத் தெரியாததிலா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஏனென்றால் சொன்னவர் சேவுகன். அவருக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்ல வேண்டுமானால் நடந்தது என்ன என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அந்த வசதி அவருக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

அப்போது சேவுகன் இளவட்டம். சோணமுத்து கீதாரியின் ஆட்டு மந்தையில் வேலை. அறுப்பு முடிந்த வயல்களில் செம்மறி ஆடுகளை ராத்திரி அடைத்துப் போடுவதற்குக் கிடை என்று பெயர். புழுக்கை வயலுக்கு உரமாகும். விடிந்தால் கிடை அடுத்த வயலுக்கு நகரும். மந்தைகளுக்கெல்லாம் பெரியவர் கீதாரி. சேவுகனோடு வேலைக்கு இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அங்குச்சாமி வயதில் மூத்தவர். அதனால் தப்பாக யோசிக்கும் உரிமை முதலில் அவருக்குத்தான். தவசி எதற்கும் முந்துகிறவன். பொன்னுமுனி மட்டும் படிக்கத் தெரிந்தவன். எழுத்துக்கூட்டிப் படிப்பான், ஆனால் ஓர் எழுத்தையும் விட மாட்டான்.

சேவுகனுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். கீதாரியின் மகள் ராக்கு. முறைப்பெண்தான், ஆனாலும் கீதாரி பிடி கொடுக்காமலே இருந்தார். ராக்குவும் பிடி கொடுக்கவில்லை. அவள் கொடுத்ததெல்லாம் ஏச்சுதான். அதையும் சேவுகன் ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் மானாமதுரைப் பக்கம் கிடை போட்டிருந்தபோது கருவேலங்காட்டிலிருந்து ஓநாய் ஒன்று வந்து ஆடு பிடிக்க ஆரம்பித்தது. கீதாரிக்கு வேறொரு மந்தையைப் பார்க்க மாதக்கணக்கில் வெளியூர் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன் நால்வரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"நல்லாக் கேட்டுக்கங்கடா. அந்த ஓநாய் மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க. வந்துச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க. டேய் சேவுகா, நீ தனியாக் கேட்டுக்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள ஓநாய் ஒரு ஆட்டைத் திருடிட்டுப் போச்சுன்னாலும் ராக்குவ மறந்துரு. திருட்டே இல்லாம மந்தையக் காத்துட்டேன்னா அவ உனக்குத்தான்."

கீதாரியின் தலை மறைந்ததும் நால்வரும் ஆளுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

எந்தக் கண்ணை மூடுவது என்பதில் கொஞ்ச நேரம் தகராறு. ஆளாளுக்கு ஒரு கண்ணை மூடினால் ஒழுங்காக இருக்காது என்று அங்குச்சாமி சொன்னதால் எல்லோருமே இடது கண்ணை மூடி, தெற்கே பார்த்து வரிசையாக நின்றார்கள். அந்திக் கருக்கலில் ஓநாய் கிழக்கேயிருந்து, அதாவது அவர்களுடைய இடது பக்கமாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் வந்தது. நல்லவேளை, அன்று வேலிப் படலில் முதுகு இடித்துக்கொண்டதால் வெறும் வாயோடு போய்விட்டது.

"சத்தம் குடுத்திருக்கலாம்ல?" என்றாள் ராக்கு.

"ஒரு சத்தந்தான் குடுக்கச் சொல்லியிருந்தாரு" என்றார் அங்குச்சாமி. "அதைத் தவசி மத்தியானமே குடுத்துட்டான்."

"சரியா வருதான்னு பாத்தேன்" என்றான் தவசி. "நல்லாத்தான் வந்துச்சு."

ராக்கு தலையில் அடித்துக்கொண்டாள். "காவல் காக்குற மூஞ்சிகளப் பாரு! அந்த ஓநாய் மனசுல என்னதான் இருக்குன்னு போய்த் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அப்புறமாக் காவல் காக்கலாம்."

அவள் சொன்னது நையாண்டி. ஆனால் சேவுகனுக்கு ராக்கு சொன்னால் அது உத்தரவு. மறுநாள் காலையிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மானாமதுரை பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். அங்கே ஒரு புத்தகக் கடை. கடைக்காரர் நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஓநாய் மனசுல என்ன இருக்குன்னு சொல்ற புத்தகம் இருக்கா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி ஒரு புத்தகத்தை உருவி நீட்டினார். இந்த மாதத்தில் இதே கேள்வியைப் பலர் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தக் கை. புத்தகத்தின் பெயர் 'ஊளையிடும் உள்ளம்'.

மத்தியான வெயிலுக்கு ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்குக் கீழ் ஒன்று தலையைக் கொடுத்துப் படுத்திருந்த நேரம், நால்வரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து அட்டையை ஆராய்ந்தார்கள். பெரிய நிலா. நிலாவுக்கு முன்னால் ஓநாய் முகம். அதற்கும் முன்னால் சட்டை போடாத ஓர் ஆள்.

"இது ஓநாய். தெரியுது" என்றார் அங்குச்சாமி. "இவன் யாரு?"

"சட்டை இல்ல. நம்ம தொழில்காரனாத்தான் இருக்கணும்" என்றான் தவசி.

"கையில கம்பக் காணோமே?"

"ஓநாய் தூக்கிட்டுப் போயிருக்கும். அதான் மூஞ்சி அப்படி இருக்கு."

இதைக் கேட்டு எல்லோருக்கும் அந்த ஆள் மேல் இரக்கம் வந்தது. பொன்னுமுனி தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கத் தொடங்கினான். அச்சடித்தவர் பெயரிலிருந்து ஆரம்பித்தான். எதையும் விடக் கூடாது என்பது அவன் கொள்கை.

கதாநாயகன் பெயர் ரிஷிவர்மன். கொடைக்கானலில் எஸ்டேட். பௌர்ணமி வந்தால் ஓநாயாக மாறிவிடுவான். அவனை மதுநிலா என்ற பெண் பார்க்கிறாள். அவன் உடனே ஜன்னலோரம் போய் நின்று, "என் அருகில் வராதே பெண்ணே, நான் ஆபத்தானவன்" என்கிறான். அவள் அருகில் போகிறாள். அவன் அடுத்த ஜன்னலுக்குப் போகிறான். அந்த வீட்டில் ஜன்னல்கள் ஏராளம்.

"'நிலவு மேகத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. ரிஷியின் உடல் முறுக்கேறியது. எலும்புகள் நெரிந்தன. அவன் தொண்டையிலிருந்து மனிதக் குரல் அல்லாத ஒரு குரல்…'" பொன்னுமுனி பக்கத்தைப் புரட்டினான். எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். தவசி பயத்தில் சேவுகனின் கையைப் பிடித்துக்கொண்டான். "'மூட்டு வலியா? முதுகு வலியா? ஒரே வாரத்தில் குணம் தரும் மூலிகைத் தைலம்.'"

"அதான் முறுக்கேறியிருக்கு!" என்றான் தவசி. "அப்புறம்? தைலம் தேச்சானா?"

பொன்னுமுனி அடுத்த பக்கத்தைப் புரட்டினான். "'மறுநாள் காலை. ரிஷிவர்மன் காபியை உறிஞ்சியபடி தோட்டத்தைப் பார்த்தான்.'"

"பரவால்ல, கேட்டுருச்சு" என்றார் அங்குச்சாமி. "நல்ல தைலம்."

இதே மாதிரிதான் புத்தகம் முழுக்க. நிலா வரும், உடல் முறுக்கேறும், அத்தியாயம் முடிந்துபோகும். அடுத்த அத்தியாயத்தில் அவன் காபி குடிப்பான். அவன் ஓநாயாக இருந்த நேரத்தில் என்ன செய்தான், எங்கே போனான், என்ன தின்றான் என்று எழுதியவர் ஒரு வரி சொல்லவில்லை. மதுநிலாவோ மழை வந்தால் நனைவாள். படி இருந்தால் தடுக்கி விழுவாள். விழும்போதெல்லாம் அவன் எங்கிருந்தோ வந்து தாங்கிப் பிடித்துவிட்டு, மறுபடி ஜன்னலுக்குப் போய்விடுவான்.

"ஆட்டைக் கடிச்சானா இல்லையா?" தவசி எத்தனையாவது முறையாகவோ கேட்டான்.

"அதைப் பத்திப் போடல."

"பக்கம் ஒட்டியிருக்கும். நல்லாப் பாரு."

பொன்னுமுனி புத்தகத்தைக் கவிழ்த்து உதறினான். நாலு பேரும் கீழே பார்த்தார்கள். ஒரு வேப்பிலை விழுந்தது. அது மரத்திலிருந்து விழுந்தது.

கடைசியில் மதுநிலா அவனை அப்படியே ஏற்றுக்கொள்கிறாள். அவன் அழுகிறான். அவள் அழுகிறாள். 'உன்னைப் பார்த்த நாள் முதலாய் எனக்குப் பசியும் இல்லை, உறக்கமும் இல்லை' என்கிறான். கல்யாணம் ஆகிறது. முற்றும். அதற்குப் பின்னால் தைலக்காரரின் விலாசம்.

 சேவுகன் இதை நம்பி இரண்டு நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே! ஓநாயின் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஜன்னல் இருக்கிறது என்கிறது புத்தகம். ராக்கு கையைவிட்டுப் போவது அவன் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

"ஏமாத்திட்டாங்கடா" என்றான் தவசி. "அட்டையில அவ்வளவு பெரிய பல்லப் போட்டுட்டு, உள்ள காபி குடிச்சிட்டே இருக்கான். ஒரு ஆடு சாகலையே!"

அப்போதுதான் அங்குச்சாமி மெல்ல எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் யோசித்துவிட்டார் என்று அர்த்தம். பெரும்பாலும் யாராலும் தடுக்க முடியாது.

"என்ன சொன்ன? திரும்பச் சொல்லு."

"ஒரு ஆடு சாகலன்னேன்."

"டேய், கூறுகெட்ட பயலுகளா! நாம யாரு? ஆடு மேய்க்கிறவங்க. முந்நூறு பக்கம் ஒரு ஓநாய் நடமாடியிருக்கு. ஒரு ஆடு சாகல. இதைவிட நல்ல புத்தகம் உலகத்துல உண்டாடா? ஏன் சாகல? சொல்லு பொன்னுமுனி, அவன் கடைசியில என்ன சொன்னான்?"

"உன்னைப் பார்த்த நாள் முதலாய் எனக்குப் பசியும் இல்லை…"

"பசி இல்ல! காதல் வந்துச்சு, பசி போச்சு. அப்ப நம்ம ஓநாய்க்கு என்ன செய்யணும்?"

மூன்று பேர் முகத்திலும் மெதுவாக விடிந்தது. சேவுகன் மட்டும் தயங்கினான். அவன் நேர்மையானவன்.

"அண்ணே, நான் ராக்குவப் பாத்த நாள்லருந்து நல்லாத்தான் சாப்பிடுறேன். முன்னவிடக் கூடத்தான் போகுது."

"அதனாலதான்டா உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல" என்றார் அங்குச்சாமி.



ஓநாய்க்குப் பெண் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. கொழுத்த பெண் ஆடாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்றான் தவசி. தாலி ஏறுவதற்குள் விருந்து முடிந்துவிடும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். பொன்னுமுனி யோசித்து, "நாய் இனம் ஓநாய்க்கு முறைதான், பங்காளி வழியா இல்லாமப் பாத்துக்கணும்" என்றான். எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் செம்பியின் மேல் போய் நின்றது.

செம்பி கிடையின் காவல் நாய். செந்நிறம், நல்ல வளத்தி. காவலுக்கு வந்தாலும் காவல் காத்ததில்லை. கீதாரியின் மனைவி சித்திரவள்ளி, ராக்கு பிறப்பதற்கு முன் பிள்ளையில்லாத காலத்தில் ஒரு நாயை எடுத்து வளர்த்தார். அதன் பேத்திதான் செம்பி. பாட்டியின் ஸ்தானம் பேத்திக்கு அப்படியே வந்துவிட்டதால், சித்திரவள்ளி அதை "என் மூத்த மக" என்றுதான் சொல்வார். ராக்குவுக்கு இதில் நிரந்தரமான வருத்தம்.

நால்வரும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, முறைப்படி வெற்றிலை பாக்கோடு சித்திரவள்ளியிடம் போனார்கள்.

"மாப்ள குணமெல்லாம் எப்படி?" என்றார் அவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு.

பொன்னுமுனி புத்தகத்தை விரித்தான். "'கூரிய விழிகள். அகன்ற தோள்கள். யாரிடமும் அதிகம் பேசாத சுபாவம். கொடைக்கானலில் எஸ்டேட்.'"

"எஸ்டேட் இருக்கா?"

"போட்டிருக்கு அத்தை."

"குடிப்பழக்கம்?"

"காபி மட்டுந்தான்."

சித்திரவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல இடமாத்தான் தெரியுது. மூத்தவ இருக்கும்போது இளையவளுக்கு எப்படிடா முடிக்கிறதுன்னு நானும் மருகிக்கிட்டுத்தான் இருந்தேன். இவளுக்கு ஒண்ணு அமைஞ்சுட்டா அடுத்து ராக்குதான்."

சேவுகன் கணக்குப் போட்டான். ஓநாய்க்குக் கல்யாணம் ஆனால் ஆடும் பிழைக்கும், ராக்குவுக்கும் வழி திறக்கும். அந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கல்யாணத்துக்கு அவனைவிடப் பாடுபட்டவர்கள் யாருமில்லை.

மறுநாள் அந்தியில் பெண் பார்க்கும் படலம். செம்பிக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, கழுத்தில் கனகாம்பரம் சுற்றி, கருவேலங்காட்டு ஓரத்தில் உட்கார வைத்தார்கள். எதிரில் தட்டு நிறையக் கேசரி, பஜ்ஜி. புத்தகத்தில் நாயகன் நாயகியை முதலில் பார்க்கும்போது காற்று வீசும், அவள் கூந்தல் பறக்கும், கைக்குட்டை நழுவும், அவள் தடுக்கி விழுவாள். அதில் ஒன்றும் குறையக் கூடாது. அங்குச்சாமி புதருக்குப் பின்னாலிருந்து முறத்தால் விசிறினார். தவசி தன் தலைத்துண்டை நழுவவிட்டான். தடுக்கி விழ வேண்டிய நேரத்தில் செம்பி விழ மறுத்துவிட்டதால், அதற்குப் பதிலாகச் சேவுகன் விழுந்தான்.

ஓநாய் வந்தது.

காட்டின் விளிம்பில் நின்று பார்த்தது. ஒருவன் முறத்தால் புதரை விசிறிக்கொண்டிருக்கிறான். ஒருவன் துண்டைக் கீழே போடுகிறான், எடுக்கிறான், மறுபடி போடுகிறான். ஒருவன் திரும்பத் திரும்பக் குப்புற விழுகிறான். ஒருவன் உரக்க, "'என் அருகில் வராதே பெண்ணே'" என்று படிக்கிறான். நடுவில் பொட்டு வைத்த நாய் ஒன்று பஜ்ஜி தின்கிறது. அந்த ஓநாய் வாழ்க்கையில் என்னென்னவோ பார்த்திருக்கும், ஆனால் இதைப் பார்த்திருக்காது. வாயைத் திறந்தபடியே நின்றது. பிறகு ஒரு ஆட்டையும் தொடாமல் பின்னோக்கியே நடந்து மறைந்தது.

"பசி போச்சு!" என்று குதித்தார் அங்குச்சாமி. "பாத்தீங்களாடா? திரும்பிக்கூடப் போகல. முகத்தப் பாத்துக்கிட்டே போனாரு!"

அந்த நிமிஷத்திலிருந்து ஓநாய் 'அது' இல்லை, 'அவர்'.

அடுத்தடுத்த அந்திகளிலும் அவர் வந்தார், பார்த்தார், போனார். ஆடு ஒன்றும் குறையவில்லை. சேவுகனுக்கு விழுந்து விழுந்து முழங்காலெல்லாம் தோல் போய்விட்டது. ஆனால் அவன் சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் செம்பி இல்லை. கனகாம்பரச் சரம் மட்டும் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சித்திரவள்ளி மண்ணில் உட்கார்ந்து அழுதார். "நாந்தான் ஊரறியக் கட்டிக் குடுக்கிறேன்னு இருந்தேனே! அதுக்குள்ள ஓடிப்போயிட்டாளே!"

ராக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சேவுகனைப் பார்த்தாள். "அவளாவது ஓடிப்போனா. அவளுக்கு வந்தவன் ஆம்பள. இங்கயும் ஒருத்தர் இருக்காரு, ஓநாய்க்குத் தரகு பாத்து முழங்காலப் பேத்துக்கிட்டு."

சேவுகனுக்கு இது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று புரியவில்லை. அவள் தன் முழங்காலைக் கவனித்திருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

சில நாள் கழித்து, விடிகிற நேரத்தில், செம்பி திரும்பி வந்தாள். தனியாக வரவில்லை. படலுக்கு அந்தப் பக்கம், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அவரும் நின்றார்.

தவசி கம்பை எடுத்தான். சித்திரவள்ளி ஓடிவந்து அதைப் பிடுங்கினார். "அடப் பாவி, மறுவீட்டுக்கு வந்திருக்காங்கடா! மொத மொதல்ல மாப்ள வாசலுக்கு வந்திருக்காரு. வெறுங்கையோட அனுப்பினா எனக்கு என்ன மரியாத?"

அவசரம் அவசரமாக ஆலோசனை நடந்தது. அசைவ மாப்பிள்ளைக்கு அசைவம்தான் செய்ய வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. நொண்டிக் கிடா ஒன்றுக்கு மாலை போட்டு, மஞ்சள் தெளித்து, படலைத் திறந்து அனுப்பினார்கள். மாப்பிள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மந்தைக்குள் நுழைந்து, இருப்பதிலேயே கொழுத்ததாக ஒன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள முறுக்கு" என்றார் அங்குச்சாமி மரியாதையாக. "நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது இருக்கத்தான் செய்யும்."

அதற்கப்புறம் மாப்பிள்ளை அடிக்கடி வந்தார். மாசிக் களரித் திருவிழாவுக்கு வந்தார். பங்குனிப் பொங்கலுக்கு வந்தார். ஒன்றும் இல்லாத செவ்வாய்க்கிழமையும் வந்தார். வந்தபோதெல்லாம் சித்திரவள்ளி, "வாங்க மாப்ள" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நிற்க, தவசி படலைத் திறந்துவிட்டான். முன்பாவது அவர் ஒளிந்து மறைந்து வர வேண்டியிருந்தது.

சேவுகனுக்குத்தான் உள்ளே ஏதோ அரித்தது. ஒருநாள் மத்தியானம் பொன்னுமுனியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"மச்சான், புத்தகத்துல பசி இல்லன்னு போட்டிருந்துச்சு. இவரு முன்னவிட ரெண்டு பங்கு சாப்பிடுறாரே?"

பொன்னுமுனி புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தை மறுபடி எழுத்துக்கூட்டினான். நெற்றியைச் சுருக்கினான்.

"மாப்ளே, அந்தப் பேச்செல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடி. கல்யாணத்துக்கு அப்புறம் பசி வருமா வராதான்னு இதுல இல்ல. தாலி கட்டின உடனே முற்றும்னு போட்டுட்டான்."

"ஏன் அங்க நிப்பாட்டினான்?"

"அதுக்கு மேல போனா ஆடு சாகும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான் பொன்னுமுனி.

சேவுகன் மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். "அண்ணாச்சி, இந்தப் புத்தகத்துல கல்யாணத்துக்கு அப்புறம் உள்ள பாதியக் காணோம். அதைக் குடுங்க."

கடைக்காரர் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் கல்யாணமாகியிருந்தது. பெருமூச்சு விட்டார். "தம்பி, அதை எழுதினா யாரு வாங்குவா? வீட்டுக்குப் போ."

அதற்குள் செம்பிக்கு வயிறு கண்டுவிட்டது. வளைகாப்புக்கு இரண்டு குட்டிகள் போயின. பேறுகாலத்துக்கு ஒரு தாயாடு. குட்டி போட்டபின், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அண்ணன் தம்பிகளுக்கும் குறை வைக்காமல் செய்தார்கள். கடைசி வயலில் படலை அடைத்தபோது, பெரிய படல் எதற்கு என்று சின்னதாகப் பின்னிக்கொண்டார்கள். ராக்கு அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தாள், சேவுகனைப் பார்த்தாள். அவள் ஏசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான். சேவுகனுக்குச் சோறு இறங்கவில்லை. முதல்முறையாகப் பசி போய்விட்டது. ஒருவேளை இதுதான் காதலோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

கீதாரி திரும்பி வந்தார்.

வந்தவர் கிடையைப் பார்த்தார். மந்தை எங்கே மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்று கேட்டார். இதுதான் மந்தை என்றார்கள். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"சேவுகா, இங்க வா. ஓநாய் எத்தனை ஆட்டத் திருடுச்சு?"

 சேவுகன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். "ஒண்ணுகூட இல்ல மாமா."

"ஒண்ணுமில்லையா? அந்தக் கொம்புக் கிடா எங்க?"

"மறுவீடு."

"என்னது?"

"மறுவீட்டு விருந்து மாமா. மூத்த மாப்ள வந்திருந்தாரு."

கீதாரி மனைவியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார்.

"கருப்பு மூஞ்சி ஆடு?"

"மாசிக் களரிச் சீர்."

"வெள்ளக்கால் ஆடு?"

"பங்குனிப் பொங்கல்."

"அந்த ரெட்டக் குட்டிக?"

"செம்பிக்கு வளைகாப்பு. ரெண்டாப் போனாத்தான் நல்லதுன்னு அத்தை சொன்னாங்க."

கீதாரி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். சேவுகன் ஒவ்வொன்றுக்கும் விசேஷம் சொல்லிக்கொண்டே போனான். கேட்கக் கேட்கக் கீதாரியின் முகம் சிவந்தது, உதடு துடித்தது. தவசி பத்து அடி பின்னால் நகர்ந்து ஓட இடம் பார்த்து வைத்தான். கீதாரி கம்பைத் தூக்கினார். தூக்கிய கம்பைத் தூரப் போட்டுவிட்டு, சேவுகனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"பெத்த அப்பன் நான் ஊர்ல இல்ல. என் மூத்த மகளுக்கு ஒரு சீர் விடாமச் செஞ்சிருக்கியே! இப்படி ஒரு பொறுப்பான பயல எங்கேடா தேடுவேன்? திருட்டும் இல்ல, குறையும் இல்ல. ராக்கு உனக்குத்தான்டா!"

எல்லோரும் ராக்குவைப் பார்த்தார்கள். அவள் மிச்சமிருந்த ஆடுகளையும், அழுகிற அப்பாவையும், முழங்காலில் தழும்போடு நிற்கிற சேவுகனையும் ஒருமுறை பார்த்தாள்.

"சரி, கட்டிக்கிறேன்" என்றாள். "நான் வேண்டாம்னா இந்த ஆளு வேற யாரையாவது கட்டி, அந்தக் குடும்பத்து ஆட்டையும் தீத்துருவாரு. நம்ம ஆட்டோட போகட்டும்."

ஆவணியில் முகூர்த்தம். அழைப்பில் எந்தக் குறையும் வைக்கவில்லை. அங்குச்சாமியும் பொன்னுமுனியும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு கருவேலங்காட்டு ஓரம் வரை போய் மூத்த மாப்பிள்ளையைக் குடும்பத்தோடு வரச்சொல்லிவிட்டு வந்தார்கள். தாலி கட்டும்போது மூத்த மாப்பிள்ளையும் பந்தல் ஓரத்தில் வந்து நின்றார். மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது வேறு யாருக்கும் முதல் மரியாதை செய்ய முடியாது என்று கீதாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், முதல் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான் போட்டார்கள். "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு" என்று சொல்லிச் சேவுகன் எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீயைக் குடிப்பார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ராக்கு அக்காதான் டீ கொண்டுவந்து வைத்தார்கள். ஓநாய், நாய், நாவல் என்று இத்தனை வருஷமாக எதையெதையோ சந்தேகப்பட்டு, ராத்தூக்கம் கெட்டு, கடைசியில் எல்லாச் சந்தேகமும் வடிந்துபோய், ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதையும் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, எல்லாம் சரி. மூத்த மாப்பிள்ளைக்கு முதல் இலை போட்டு உட்கார வச்சீங்க. அவருக்குப் பக்கத்து இலையில உட்கார்ந்தது யாரு? பந்தி முடிஞ்சு அந்த ஆளு எந்திரிச்சாரா?"